படி... படிப்படியா படி!

செமஸ்டர் லீவு விட்டாச்சா? காலையில பத்து மணிக்கு எழுந்து, சாயங்காலம் கிரிக்கெட் ஆடி, ராத்திரி ஒரு படம் பார்த்தது போக, ஒரு மணி நேரம் மிச்சமிருக்கா? அப்போ பக்கத்து வீட்டுச் சுட்டியைக் கூப்பிட்டு, தமிழ்ப் புத்தகத்துல ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்க. கடகடன்னு ஒப்பிப்பான். அசந்துடாதீங்க! நடுவுல ஒரு வார்த்தை மேல விரலை வெச்சு, 'இது என்ன?'ன்னு கேளுங்க. அங்கேதான் இருக்கு விஷயம்.

மந்தாரக்குப்பம் பக்கம் ஆறாவது படிக்கிற ஒரு தம்பிகிட்ட இதைச் செஞ்சு பார்த்தேன். பக்கம் முழுக்கச் சொன்னவன், விரல் வெச்ச வார்த்தையில நின்னுட்டான். திரும்பவும் முதல் வரியிலேர்ந்து மனசுக்குள்ளே ஓட்டிக்கிட்டு வந்துதான் அந்த வார்த்தையைப் பிடிச்சான். அவன் படிக்கலை பாஸ், மனப்பாடம் பண்ணியிருக்கான். அதுவும் ஒரு திறமைதானே? மக்குன்னு சொல்ல முடியுமா?

எத்தனை பேர் இப்படி?

பிரதம் அமைப்பு கிராமங்கள்ல வீடு வீடாப் போய் எடுக்கிற 'அசர்' கணக்கெடுப்பைப் பாருங்க. தமிழ்நாட்டுல மூணாம் வகுப்புப் பிள்ளைகள்ல ரெண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிஞ்சவங்க 2018-ல் 10.2 சதவிகிதம். கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடித் திறந்த பிறகு, 2022-ல் 4.8! 2024-ல் கொஞ்சம் தேறியிருக்கு. ஆனாலும் போக வேண்டிய தூரம் அதிகம்.

நாலாம் வகுப்புக்கு மேல கணக்குகூட வாக்கியமாத்தான் வரும். கூட்டல் தெரிஞ்சாலும் கேள்வி புரியாது. அறிவியல், சமூக அறிவியல்னு எல்லாத்துலயும் ஒரே நேரத்துல அரியர் விழுந்தா எப்படி எழுந்திருக்கிறது? அந்தப் பிள்ளை ஸ்கூலையே வெறுக்க ஆரம்பிக்கிறது இங்கேதான்.

நம்ம நெய்வேலியில புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. 1998-லேயே என்.எல்.சி. புத்தகக் கண்காட்சியை ஆரம்பிச்சாச்சு. வட்டம் 11, லிக்னைட் ஹால்னு சொன்னா டவுன்ஷிப்ல எல்லாருக்கும் அதான் ஞாபகம் வரும். (டெல்லி அப்பளத்துக்குப் போனவங்க கையைத் தூக்குங்க!) ஆனா, வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆயிரம் புத்தகமும் ஒண்ணுதான், அட்டைப்படம்!

வகுப்பைப் பார்க்காதீங்க!

ஆறாவது படிக்கிறவனுக்கு ஆறாவது பாடத்தையேதான் சொல்லித் தரணும்னு இல்லை. அவன் எந்தப் படியில நிக்கிறான்னு முதல்ல கண்டுபிடிங்க. அசர் கணக்கெடுப்புல செய்றதும் அதேதான். எழுத்து, வார்த்தை, சின்ன பத்தி, கதைன்னு நாலு படி. ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போதும். தமிழக அரசு 2022-ல் கொண்டுவந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துலயும் பிள்ளைங்களை அரும்பு, மொட்டு, மலர்னுதான் பிரிச்சாங்க. 2023-ல் வந்த 'வாசிப்பு இயக்கம்' சின்னச் சின்னப் புத்தகங்களுக்கு 'நுழை, நட, ஓடு, பற'ன்னு பேரு வெச்சாங்க. 'நுழை'யில நிக்கிறவன்கிட்ட 'பற'வை நீட்டினா விழத்தானே செய்வான்?

எழுத்துப் படியிலேயே நிக்கிறானா? 247-ஐயும் வரிசையா ஒப்பிக்க வைக்க வேணாம். ட, ப, ம - மூணே எழுத்து, கூட ஒரு புள்ளி. படம், மடம், பட்டம், மட்டம்... நாலு வார்த்தை ரெடி! முதல் நாளே 'நான் படிச்சேன்'னு வீட்டுல போய்ச் சொல்லுவான்.

முதல்ல கதை, அப்புறம்தான் பாடம்

இதை 1930-கள்லேயே சொன்னவர் குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா. வக்கீல் வேலையை விட்டுட்டு வாத்தியாரானவர். அவர் எழுதின 'திவாஸ்வப்னா'வில் வர்ற வாத்தியார், நாலாம் வகுப்புப் பசங்களோட கூச்சலை அடக்க எடுத்த ஆயுதம் பிரம்பு இல்லை, கதை! எல்லாரும் ஒரே பாடப்புத்தகத்தை வாங்குறதுக்குப் பதிலா, அந்தக் காசுல வெவ்வேறு புத்தகங்கள் வாங்கி வகுப்புக்கே ஒரு நூலகம் அமைச்சுடுவார். கதை கேட்டு ருசி கண்டவன், அடுத்த கதையைத் தானே தேடுவான்ல?

நமக்கும் இது புதுசில்லை. ஔவையாரோட ஆத்திசூடி அகர வரிசையிலதானே போகுது? எழுத்தும் இலக்கியமும் ஒரே பாட்டுல! நாமதான் ரெண்டையும் பிரிச்சுட்டோம்.

அவன் வார்த்தை, அவன் எழுத்து

எழுத வைக்க என்ன வழி? நியூசிலாந்துல மாவோரிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தின சில்வியா ஆஷ்டன்-வார்னர் ஒரு சூப்பர் ஐடியா வெச்சிருந்தார். 'உனக்கு எந்த வார்த்தை வேணும்?'னு பிள்ளைகிட்டயே கேட்டு, அதை அட்டையில எழுதிக் கொடுப்பார். 1963-ல் வந்த 'டீச்சர்' புத்தகத்துல இதையெல்லாம் எழுதியிருக்கார்.

நம்ம தம்பிகிட்டயும் கேட்டேன். 'பொக்லைன்'னான். அவங்க சித்தப்பா அதைத்தான் ஓட்டுறாராம். ஒற்றைக்கொம்பு, கால், லை, புள்ளின்னு எல்லாக் கஷ்டமும் அந்த ஒரே வார்த்தையில இருக்கு. ஆனா, மறுநாள் பார்க்காம எழுதினான்! அடுத்த வாரம், 'சித்தப்பா பொக்லைன்ல என்னை ஏத்தினாரு'ன்னு ஒரு முழு வாக்கியம். 'ஏத்தினாரு'வைத் திருத்தலாமான்னு கை பரபரத்துச்சு. விட்டுட்டேன். முதல்ல எழுதட்டும், இலக்கணம் எங்கேயும் ஓடிப்போகாது. நீங்களும் சிவப்புப் பேனாவைக் கொஞ்ச நாள் பூட்டி வைங்க ப்ளீஸ்!

ஏழாவது, எட்டாவது பசங்கன்னா கதையைப் பாதியில நிறுத்தி, 'அப்புறம் என்ன ஆயிருக்கும்? எழுதிட்டு வா'ன்னு சொல்லிப் பாருங்க. பத்து பேர்கிட்டேர்ந்து பத்து முடிவு வரும். ஒருத்தன் முடிவை இன்னொருத்தன் வாசிக்கட்டும். இலக்கிய வகுப்பு அங்கேயே ஆரம்பிச்சாச்சு!

'நமக்கு என்ன தகுதி இருக்கு?'ன்னு யோசிக்கிறீங்களா? 2021 அக்டோபர் 27-ம் தேதி மரக்காணம் பக்கத்துல முதலியார்குப்பத்துல தொடங்கின 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்துல, ஒண்ணாம் வகுப்புலேர்ந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சொல்லித்தர தன்னார்வலர்கள்கிட்ட கேட்ட தகுதி பிளஸ் டூ பாஸ். அவ்வளவுதான். நீங்க அதைத் தாண்டி எத்தனை செமஸ்டர் ஆச்சு? அரியர் இருந்தாலும் பரவாயில்லை, இன்னிக்குச் சாயங்காலம் ஒரு கதைப் புத்தகத்தோட திண்ணையில போய் உட்காருங்க!