சந்தையில் சரளம், வகுப்பில் திணறல்

கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் பழகிப்போன காட்சி. வீட்டில் தமிழ் பேசும் சிறுவன் கடைத்தெருவில் மலையாளத்தில் விலை பேசுகிறான். ஆனால் மலையாளப் பாடப் புத்தகத்தைத் திறந்தால் திணறுகிறான். "பேசத் தெரிகிறதே, படிக்க என்ன கேடு?" என்று அலுத்துக்கொள்கிறார்கள் பெரியவர்கள்.

கேடு அவனிடம் இல்லை. தெரிந்ததைவிட ஒரு படி மட்டும் கடினமான பேச்சு புரியும்போது மொழி தானாக வருகிறது, பயமும் கூச்சமும் அதைத் தடுக்கின்றன என்றார் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென். கடைத்தெரு மலையாளம் வந்தது அப்படித்தான். தமிழின் நெருக்கமும் உதவுகிறது; சில சமயம் காலை வாரியும் விடுகிறது. மலையாளத்தில் 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர், 'சம்சாரம்' என்றால் பேச்சு!

பாட மொழி வேறு சமாச்சாரம். பேச்சு மொழி சுமார் 2 ஆண்டுகளில் கைவரும், பாட மொழிக்கு 5 முதல் 7 ஆண்டுகள் பிடிக்கலாம் என்கிறார் கனடாவின் ஜிம் கம்மின்ஸ். தாய்மொழிப் படிப்பு வலுவாக இருந்தால் அது இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பது அவர் வாதம்.

1956 நவம்பர் 1ல் கேரளம் உருவானபோது சித்தூர், தேவிகுளம், பீர்மேடு பகுதிகளின் தமிழர்கள் அந்த மாநிலத்தில் சிறுபான்மையினரானார்கள். 10ஆம் வகுப்புவரை பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாக்கியது 2017ம் ஆண்டுச் சட்டம். வாழும் மாநிலத்தின் மொழி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வேலைக்கும் அரசு அலுவலகத்துக்கும் அது தேவை. ஆனால் மலையாளம் வேரூன்ற, தமிழைப் பிடுங்க வேண்டியதில்லை. தமிழ் வகுப்பு வலுவாக இருந்தால் மலையாளத்துக்கும் லாபம்தான்.