வீடு உண்டு, வருமானம் இல்லை

(மூன்றாமாண்டு, இளங்கலைப் பொருளியல்)

வீட்டு வரி என்று நாம் பேச்சில் சொல்வதற்குச் சட்டத்தில் சொத்து வரி என்று பெயர். வரி என்பது செலுத்துவோரின் சக்திக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது பொருளியல் வகுப்பில் நாம் கேட்கும் முதற் பாடங்களில் ஒன்று. வருமான வரி அந்த இலக்கணத்துக்கு ஓரளவு பொருந்தும். வருமானம் நின்றுவிட்டால் அந்த வரியும் நின்றுவிடுகிறது. சொத்து வரியின் குணமே வேறு. கட்டடத்தின் பரப்பு எவ்வளவு, எந்தத் தெருவில் இருக்கிறது, ஓட்டு வீடா காரை வீடா, குடியிருப்பா கடையா என்று மாநகராட்சி பார்க்கும். உள்ளே இருப்பவர் வேலைக்குப் போகிறாரா, மாதம் என்ன கிடைக்கிறது என்பது அந்தக் கணக்கில் வராது. சுவரை நாடா வைத்து அளந்துவிடலாம். மடியில் இருக்கும் காசை அப்படி அளக்க முடியாது. ஆதலின் உலகெங்கும் இந்த வரி இப்படித்தான் இருக்கிறது. ஆனால் வேலையை விட்டு நின்ற முதியவர் ஒருவரிடம் வரும்போது இந்த வரியின் கணக்கு இடறுகிறது. நம் ஊரில் அது எப்படி இடறுகிறது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

1984ஆம் ஆண்டு பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் நடந்த பனியன் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அன்று இருபது வயதில் கொடி பிடித்தவர் 2024இல் அறுபதைத் தொட்டுவிட்டார். சிங்கர் டெய்லராகவும் கட்டிங் மாஸ்டராகவும் செக்கிங், கைமடி வேலையிலும் இருந்த அந்தத் தலைமுறைதான் இன்று திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு என்றால் தமிழ்நாட்டில் அது 10.4 விழுக்காடு. இன்று இன்னும் கூடியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

இவர்களில் பலர் சீட்டுப் போட்டும் நகையை அடகு வைத்தும் இரண்டு சென்ட், மூன்று சென்ட் வாங்கி வீடு கட்டியவர்கள். இன்னும் கொஞ்சம் கையிருப்பு உள்ளவர்கள் பக்கத்திலேயே நான்கு அறை லைன் வீடு இறக்கினார்கள். வயதான காலத்தில் வாடகை சோறு போடும் என்ற நம்பிக்கை. கம்பெனியிடமிருந்து ஓய்வூதியம் எதிர்பார்க்க அவர்களுக்கு வழியில்லை. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகையே மாதம் 1,000 ரூபாய்தான். 2014 செப்டம்பரில் நிர்ணயித்தது அது. அதைப் பெறுவதற்கும் பத்தாண்டுப் பணிக்கணக்கு வேண்டும். பீஸ் ரேட்டில், காண்ட்ராக்டில், வாரச் சம்பளத்துக்குக் கம்பெனி மாறி மாறி ஓடியவர்களுக்கு அந்தக் கணக்குச் சேர்வது அரிது. ஆக, வீடுதான் சேமிப்பு, வீடுதான் காப்பீடு, வீடுதான் ஓய்வூதியம்.

அந்த வீட்டின் மீது 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தது. சென்னை நீங்கலான மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகு நிலைத்த பொதுச் சீராய்வு அதுவே. குடியிருப்புகளில் 600 சதுர அடிக்கு உட்பட்டவைக்கு 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடு, 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடு, அதற்கு மேல் 100 விழுக்காடு உயர்வு. வணிகக் கட்டடத்துக்கு 100, தொழிற்கூடத்துக்கு 75. மாநில அரசு இதை விரும்பித்தான் செய்தது என்றும் சொல்ல இயலாது. 15ஆவது நிதிக்குழு, உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் வேண்டுமெனில் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து உயர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மாநிலத்தின் பொருளாதாரம் வளரலாம். வேலையை விட்டு நின்ற டெய்லரின் வருமானம் அதோடு சேர்ந்து வளராது.

இந்த விகிதங்களில் சிறிய வீட்டுக்குக் கருணை இருக்கிறது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நம் ஊர் வீடுகளைப் பாருங்கள். கீழே முதியவர் இருவர், மேலே மகன் குடும்பம் என்று இருந்தாலே 600 அடி தாண்டிவிடும். லைன் வீடு இருந்தால் கேட்கவே வேண்டாம். முன்னறையில் நாலு பவர் டேபிள் போட வாடகைக்கு விட்டாலோ அந்தப் பகுதி குடியிருப்பு அல்ல, தொழிற்கூடம். ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றுக்கு முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் வரி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு உயர்வில் அது 1,500, ஆண்டுக்கு 3,000. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். அதாவது இரண்டரை மாத உதவித்தொகை வரிக்கே போய்விடும். தண்ணீர்க் கட்டணமும் பாதாளச் சாக்கடைக் கட்டணமும் இதற்கு வெளியே.

எங்கள் தெருவில் ஆறேழு வீடுகளுக்குச் செல்போனில் வரி கட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. பழைய ரசீதுகளையெல்லாம் பனியன் போட்டு வரும் பாலிதீன் கவரில் பத்திரமாக வைத்திருப்பார்கள். கணவரை இழந்த ஓர் அப்பத்தா, நான் தொகையைச் சொன்னதும், "வூட்டுக்கு வரி போடறவங்க இந்த வூட்டுல எத்தன பேரு சம்பாதிக்கறாங்கன்னு ஒரு நாளும் கேட்டதில்லையே, அம்மிணி" என்றார். பேராசிரியர் ஒரு மணி நேரம் நடத்திய பாடத்தை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்!

சலுகையே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அரையாண்டு தொடங்கி முப்பது நாட்களுக்குள், அதாவது ஏப்ரல் 30க்குள்ளும் அக்டோபர் இறுதிக்குள்ளும் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். நாம் சொன்ன வீட்டுக்கு அது 75 ரூபாய். தாமதமானால் மாதம் 1 விழுக்காடு தனி வட்டி. இந்தச் சலுகை யாருக்குப் பயன்படுகிறது என்று யோசித்தால், ஏப்ரல் மாதத்தில் கையில் பணம் வைத்திருப்பவருக்கு. முதியவருக்கு என்று, வயதை மட்டும் பார்த்துக் கொடுக்கும் வரிக்குறைப்பு எதுவும் நம் மாநிலத்தில் இல்லை.

இனி உதவித்தொகையின் பக்கம் வருவோம். 1962இல், காமராசர் முதல்வராக இருந்தபோது, மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது இத்திட்டம். இன்று விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் பதிந்தால், கிராம நிர்வாக அலுவலர் விசாரணை முடிந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். ஆதரவற்றவரா, சொத்து இருக்கிறதா என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. நிலையான சொத்தின் மதிப்பு 1 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. திருப்பூரில் ஒரு சென்ட் நிலத்தின் விலை அந்த வரம்பைப் பலமடங்கு தாண்டும். ஆகவே வரி போடும் அலுவலகத்துக்கு அவர் வீட்டுக்காரர், ஆதலின் கட்ட வேண்டும். உதவி கொடுக்கும் அலுவலகத்துக்கும் அவர் வீட்டுக்காரர், ஆதலின் கிடைக்காது. இரண்டு அலுவலகமும் பார்ப்பது சுவரைத்தான். அவருடைய பணப்பையைப் பார்க்க மூன்றாவது அலுவலகம் ஒன்று இல்லை.

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள்? மும்பையில் 2022 முதல் 500 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புக்கு வரி விலக்கு. கேரளம் 2023இல் 60 சதுர மீட்டர், அதாவது சுமார் 645 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு விலக்கு அளித்தது. தில்லி மாநகராட்சி வயதையே பார்க்கிறது: மூத்த குடிமக்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோர் தாமே குடியிருக்கும் ஒரு வீட்டுக்கு, 200 சதுர மீட்டர் வரை, 30 விழுக்காடு தள்ளுபடி. தில்லி முறை கேட்க இனிமையாக இருந்தாலும் எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மாதம் லட்சம் ரூபாய் ஓய்வூதியம் வாங்கும் முதியவரும் அதே தள்ளுபடியைப் பெறுவார்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1964இல் கண்ட வழி இன்னும் நுட்பமானது. குறைந்த வருமானமுள்ள முதியவரின் சொத்து வரி அவர் வருமானத்தில் குறிப்பிட்ட ஒரு பங்கை மீறினால், மீறியதில் ஒரு பகுதியை மாநில அரசே திருப்பித் தந்துவிடும். மின்சுமை அளவுக்கு மிஞ்சினால் தானே அறுந்து வீட்டைக் காக்கும் ஃபியூஸ் போன்றது இது. அந்நாட்டில் இதற்கு வழங்கும் பெயரும் மின்கருவியின் பெயரே. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1974இல் வேறொன்று செய்தது. வயதானவர் வரியை இப்போது கட்ட வேண்டாம். அது சிறு வட்டியோடு வீட்டின் மீது கடனாக ஏறி நிற்கும். வீடு விற்கும்போதோ கைமாறும்போதோ வசூலாகும்.

நம் ஊருக்கு இந்த இரண்டாவது வழி பொருந்தும் என்பது என் கருத்து. வருமானத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. பனியன் வேலையில் இருந்தவரிடம் அப்படி ஒரு சான்றும் இருக்காது. மாநகராட்சிக்கும் பணம் போகாது, தாமதமாக வரும், அவ்வளவே. அறுபது வார்டுகளுக்கும் தெருவிளக்கும் சாக்கடையும் குப்பை வண்டியும் வேண்டுமல்லவா? எல்லாருக்கும் விலக்கு என்று பேசுவது எளிது. அந்தச் சாக்கடை நம் வாசலில் தேங்கும்போது தெரியும். ஒரு சிக்கல் உண்டு: வீட்டின் மீது கடன் ஏறுவதை மகன்கள் விரும்ப மாட்டார்கள். பெற்றவருக்கு வரி கட்டவும் மனமில்லாமல், கடன் ஏறவும் விடாமல் இருப்பவரை என்ன செய்வது என்று எந்த நாட்டுச் சட்டமும் சொல்லவில்லை.

பிற உதவிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம் எழுபது வயது கடந்தோர் வீட்டுக்கு ரேஷன் பொருளை எடுத்துச் சென்றது. 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போகும் தம்பதியரில் தாத்தாவுக்கு மட்டும் டிக்கெட். முதியோர் உதவிக்கான தொலைபேசி எண் 14567. காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானதும் நம்மவர் அதிகம் அறியாததும் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம். வரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். "இனி என்னால் கட்ட முடியாது, நீயே வரியைக் கட்டிக்கொண்டு என்னையும் பார்த்துக்கொள்" என்று வீட்டை மகன் பேரில் செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. எழுதிக் கொடுத்த பின் சோறு கிடைக்காமல் போனால், அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்க வழி வைத்திருக்கிறது. ஆனால் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில்தான் வீடு கொடுக்கப்பட்டது என்று காட்டியாக வேண்டும். 2022இல் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. 2025 சனவரியில் அதே நீதிமன்றம், முதியோரைக் காக்க வந்த சட்டத்தை அவர்களுக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்றும், தீர்ப்பாயம் வீட்டைத் திரும்ப ஒப்படைக்க உத்தரவிடலாம் என்றும் கூறியது. ஆகவே பத்திர எழுத்தரிடம் போகும் முன்பே, "உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தந்து பராமரிக்கும் நிபந்தனைக்கு உட்பட்டு" என்ற வரி பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று நம் தாத்தா பாட்டியிடம் சொல்லி வைப்பது நல்லது. பராமரிப்புத் தொகை கேட்கும் மனுவும் இதே தீர்ப்பாயத்தில்தான். கோட்டாட்சியர் நிலையில் உள்ள அதிகாரி விசாரிப்பார். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிடலாம், 90 நாளில் முடிக்க வேண்டும், வக்கீல் வைக்கத் தேவையில்லை. நடக்க முடியாதவர் என்றால், அவர் அதிகாரம் கொடுக்கும் வேறு எவரும், நம்மைப் போன்ற ஒரு மாணவரும்கூட, அவருக்காக மனுவைக் கொடுக்கலாம்.