லாச்சப்பல் வரைபடத்தில் இல்லாத மூன்று புள்ளிகள்

இந்தக் கிழமை எபிசோடில் ஸ்மார்ட் இன்ஹேலரைப் பற்றிக் கதைச்சோம். கேட்காதவர்களுக்குச் சுருக்கமாக: டேவிட் வான் சிக்கிள் 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பனி, இப்ப பெயர் ப்ரொபெல்லர் ஹெல்த். இன்ஹேலரில் ஒரு சின்ன சென்சரைப் பூட்டிவிடுவார்கள். நீங்கள் அமுக்குகிற ஒவ்வொரு முறையும் போனில் பதியும், எந்த நேரம், எந்த இடம் எண்டு. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்களுக்கு அதைக் கொடுத்து, ஊரில் எங்கெங்கே மூச்சு முட்டுது எண்டு வரைபடமே கீறினார்கள். 2019 தொடக்கத்தில் ரெஸ்மெட் 225 மில்லியன் டொலருக்கு அந்தக் கம்பனியை வாங்கிவிட்டது.

மைக்குக்கு முன்னால "வடிவான ஐடியா" எண்டு சொன்னது நான்தான். எனக்கும் ஆஸ்துமா எண்டதை மட்டும் சொல்லேல்லை.

ஐந்து வயதிலிருந்து இருக்கு. வீட்டில அதுக்குப் பெயர் முட்டு. அம்மம்மா தொய்வு எண்டுவா. பள்ளிக்கூடத்தில் அஸ்ம். மூன்று பெயர் இருந்தும் வெளியில ஒரு பெயரும் சொல்லக்கூடாது.

அந்த சென்சர் என்னட்ட இல்லை. அதனால போனில் ஒரு ஷோர்ட்கட் செய்து வைத்தேன்: நீல பம்ப் அடித்தவுடன் ஒரு தட்டு, இடமும் நேரமும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக விழும். இரண்டு மாதத்தில் 41 புள்ளி. பூல்வார் து லா ஷப்பெல்லில் மெத்ரோ இரண்டாம் லைன் பாலத்துக்குக் கீழே வாகனப் புகைக்குள்ளதான் கூட விழும் எண்டு நினைத்தேன். ஏர்பாரிஃப் ஆப்பைப் பார்த்துத்தான் எந்தத் தெருவால நடக்கிறது எண்டு முடிவெடுக்கிற ஆள் நான். ஆனால் முக்கால்வாசிப் புள்ளி வீடுகளுக்குள்ள. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி. ஒரேயொரு ஜன்னல் இருக்கிற குசினியில் அம்மா தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுக்கிற நாள். ஃப்ரெண்ட் ஒருத்தியின்ர பிறந்தநாளில் டான்ஸ் ஃப்ளோருக்கு விட்ட புகை. ஏர்பாரிஃப் தெருவின் காற்றைச் சொல்லும், மாமியாக்கள் வீட்டு ஹோலைச் சொல்லாது.

இதைவிடப் பிறகுதான் இன்னொன்று விளங்கிச்சு. அந்த இரண்டு மாதத்தில் எனக்கு ஆகலும் இறுக்கமாக இருந்த மூன்று பின்னேரங்களுக்கு ஒரு புள்ளியும் இல்லை. மூன்றும் அவரின்ர வீட்டில.

அப்ப எங்களுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். "எல்லாம் சரிவரும் வரைக்கும் உதை வெளியில எடுக்காதை, பிள்ளை" எண்டு அம்மா சொல்லியிருந்தா. அம்மாவைக் குறை சொல்லேலாது. சின்னனில இரவிரவாக என்னை மடியில நிமிர்த்தி வைத்துக்கொண்டு இருந்தவ அவதான். 'பிறக்கிற பிள்ளையளுக்கும் வருமோ' எண்டு ஆராவது கேட்டுவிடுவினம் எண்ட பயம். குடும்பத்தில் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூடும் எண்டது உண்மை. கட்டாயம் வரும் எண்டில்லை. ஆனால் சம்பந்தம் பேசுற இடத்தில வாய்ப்புக் கணக்கை ஆர் கேட்கினம்?

சாம்பிராணி போட்ட ஹோலுக்குள்ள இருந்து சிரிக்கப் பாருங்கோ. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுகினால் காற்றை வெளியில விடுறதுதான் கஷ்டம். முதலில் நீளமான வசனங்கள் போகும். பிறகு சிரிப்பு. பிறகு "ஓம்", "இல்லை" மட்டும். மூன்று முறையும் பல்கனிக்குப் போய் நின்றேன். மூன்றாவது நாள் அவர் பின்னால வந்து, "உமக்கு எங்கட வீடு பிடிக்கேல்லையோ?" எண்டு கேட்டார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை. அதையும் கோபம் எண்டு எடுத்துக்கொண்டார்.

பம்ப் ஹோலில் இருந்த ஹான்ட்பாக்குக்குள்ள. அதை எடுக்க மாமியைத் தாண்டிப் போகவேணும். போகேல்லை. எவ்வளவு முட்டாள்தனம் எண்டு இப்ப தெரியுது. சல்பூட்டமோல் சில நிமிஷத்தில் வேலை செய்கிற மருந்து. எனக்கும் அதுக்கும் இடையில் இருந்தது ஒரு சோபா.

அடுத்த கிழமை கார் து நோர் படியில் ஏறேக்கை திரும்ப இழுத்தது. அண்டைக்கு அவருக்கு முன்னாலேயே எடுத்து அடித்தேன். அவர் கோபப்பட்டார். வருத்தம் இருக்கிறதுக்கு இல்லை. "அண்டைக்குப் பல்கனியில விழுந்திருந்தால் நான் 15க்கு அடிச்சு என்னத்தைச் சொல்லியிருப்பன்?" எண்டார். எனக்கு அது ஒருக்காலும் தோன்றினதில்லை. என்னோட இருக்கிறவர்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்கிறதாத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமிக்கு அவரே சொன்னார். மாமி என்னைக் குசினிக்குக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தி, "என்ர தம்பிக்கும் தொய்வுதான் பிள்ளை. நாங்களும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை" எண்டா. ஃப்ரான்ஸில் 40 லட்சம் பேர் அளவுக்கு ஆஸ்துமா இருக்கு. எங்கட ஆக்களில் மட்டும் ஒருத்தருக்கும் இல்லை!

டெக் ஆளாக எனக்கு உறுத்துறது இதுதான். சென்சர் அடித்த பம்பைத்தான் எண்ணும். வெட்கத்தில் அடிக்காமல் விட்டதை எண்ணாது. அந்த மூன்று நாளையும் ஒரு டொக்டர் வரைபடத்தில் பார்த்தால், 'நல்ல சுகம்' எண்டுதான் வாசிப்பார்.

இன்னொன்று. நான் கனகாலம் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஓடினேன். தினமும் எடுக்கிற ஸ்டீரோய்ட் பம்பை எடுத்தால் 'நோயாளி' ஆகிவிடுவேன் எண்ட நினைப்பு. ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டி அமைப்பான ஜினா, பெரியவர்களும் பதின்ம வயதினரும் நீலத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது எண்டு 2019இலேயே சொல்லிவிட்டது. நீலம் தசையைத்தான் தளர்த்தும், உள்ளே இருக்கிற அழற்சி அப்படியே இருக்கும். உங்களுக்கும் நீலம் மட்டும்தான் எண்டால் டொக்டரிட்டக் கேளுங்கோ.

மாமி இப்ப நான் வாறதுக்கு முதலே சாம்பிராணி போட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பா. சில வெள்ளியில மறந்தும் போவா. அப்ப நான் எழும்பிப் போய்த் திறப்பேன். அவையளுக்குத் தெரியும் எண்டது எங்கட அம்மாவுக்கு இன்னும் தெரியாது. இந்த மடலை அவ வாசிக்க மாட்டா எண்டு நம்புறன்.

கோடை முடியிற நேரம் பிள்ளையார் தேர். தெரு முழுக்கத் தேங்காய் சிதறும், கற்பூரம் எரியும். போன முறை நாங்கள் காற்று வாற பக்கமாப் பார்த்து ஒரு மூலையில நின்றோம். தேர் திரும்பேக்கை அவர் குனிஞ்சு, "நீலம் எங்க?" எண்டார்.

"உங்கட பொக்கற்றுக்குள்ள" எண்டேன்.