கணக்குக் காட்டாதவர் யார்? இல்லாத வரியைத் தேடுவது

கூரத்திலிருந்து காஞ்சிபுரம் போய், அங்கே தெற்கே போகிற பஸ் பிடித்தால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன: கி.பி. 919, 921. குடவோலை என்றதும் எல்லோரும் குடத்தையும் ஓலையையும்தான் சொல்வார்கள். எனக்குச் சுவாரசியம், யார் பெயரைக் குடத்தில் இடக்கூடாது என்கிற பகுதி. முன்பு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவர் மட்டுமா? அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் என்று உறவுகளும் போச்சு.

டேட்டாபேஸ் வேலை பார்ப்பவர்களுக்கு இது தினப்படி கேள்வி. ஒரு டேபிளில் வரி இருக்கிறது. அதற்கு இணையான வரி இன்னொரு டேபிளில் இல்லை. அதைக் கண்டுபிடிக்கணும்.

பழகிப் பார்க்க இரண்டு டேபிள் போட்டேன். 'வாரியம்', 'கணக்கு'. இரண்டிலும் ஆள் பெயர், வாரியத்தின் பெயர், ஆண்டு. வரிகள் எல்லாம் என் கற்பனை. முதலில் கைக்கு வந்தது 'நாட் இன்': கணக்கு டேபிளின் பெயர்களில் இல்லாத வாரியக்காரரைக் கொடு. ஒரு வரிகூட வரவில்லை. ஆஹா, எல்லோரும் யோக்கியர்கள் என்று நினைத்தேன். உண்மையில் கணக்கு டேபிளில் ஒரு வரியில் பெயரை நிரப்பாமல் விட்டிருந்தேன். அதாவது 'நல்'. (பெயர்தான் நல், குணம் அப்படியில்லை.)

செல்லரித்துப் பெயர் போன கணக்கு ஓலை ஒன்று கட்டுக்குள் கிடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'இவர் கணக்குத் தரவில்லை' என்று யாரையும் அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஓலை இவருடையதாக இருக்கலாமே? எஸ்.க்யூ.எல். அப்படித்தான் யோசிக்கிறது. உண்மை, பொய் இரண்டோடு 'தெரியாது' என்று மூன்றாவது பதிலும் அதற்கு உண்டு. 'தெரியாது' என்று வந்த வரியை அது காட்டாது. எனவே ஒரே ஒரு காலி இடம் மொத்தப் பட்டியலையும் விழுங்கிவிடும். பிழைச் செய்தியும் வராது என்பதுதான் மோசம்.

'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' வேறு மாதிரி கேட்கிறது. வாரியத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, 'இதே ஆள், இதே வாரியம், இதே ஆண்டுக்குக் கணக்கில் ஒரு வரியாவது இருக்கா?' என்று பார்க்கும். இல்லையென்றால் காட்டும். மூன்றையும் பொருத்துவது முக்கியம். பெயரை மட்டும் பொருத்தினால், தோட்ட வாரியக் கணக்கைக் கொடுத்தவர் ஏரி வாரியக் கணக்கிலிருந்தும் தப்பிவிடுவார். இன்னொன்று: செல்லரித்த ஓலைக்குச் சொந்தக்காரரும் இந்தப் பட்டியலில் வந்துவிடுவார். அதனால் காலி வரிகளைத் தனியாக எண்ணிப் பார்த்த பிறகுதான் மாமனார், மருமகன் பக்கம் போகணும்.

'லெஃப்ட் ஜாயின்' போட்டு, வலப்பக்கம் நல் ஆன வரிகளை மட்டும் எடுத்தாலும் இதே விடைதான். ஆனால் அந்தக் கல்வெட்டின் இன்னொரு விதியில் அது காலை வாரும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இல்லாதவராக இருக்கவேண்டும் என்பது அந்த விதி. பலரும் 'வாரியம்' டேபிளில் மூன்றாண்டுக்கு முந்தைய வரிகளைத் தேடுவார்கள். தப்பு. ஐந்து வருஷம் முன்பு ஏரி வாரியத்திலும் போன வருஷம் தோட்ட வாரியத்திலும் இருந்தவர் பழைய வரியைக் காட்டி உள்ளே வந்துவிடுவார். ஒருமுறைகூட வாரியத்தில் இல்லாதவர், வரியே இல்லாததால் வெளியே நிற்பார்! தகுதியுள்ளோர் பட்டியலில் தொடங்கி, 'கடந்த மூன்று ஆண்டு' என்கிற நிபந்தனையை ஜாயினின் 'ஆன்' பகுதியில் வைக்கணும். 'வேர்' பகுதியில் நல் சோதனை மட்டும். ஆண்டு நிபந்தனையையும் வேரில் சேர்த்தால், இணை கிடைக்காத வரியில் ஆண்டும் நல்தானே, மறுபடி ஒன்றும் வராது.