கண்ணாடிக்குள் ஒரு பழைய கதிரை

பின்னேரம் ஆறரை மணியானால் எங்கள் ஒழுங்கையில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடும். எல்லோரும் தொலைக்காட்சி நாடகத்துக்கு முன்னால் இருப்பார்கள். நானும் பார்ப்பதுண்டு. அந்த நாடகங்களில் வரும் வீடுகளை நீங்களும் கவனித்திருப்பீர்கள். பளபளக்கும் மாபிள் நிலம், வளைந்து இறங்கும் படிக்கட்டு, ஆளுயரப் பூச்சாடிகள். குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும் பெண்ணின் பட்டுச் சேலையில் ஒரு துளி கறி பட்டிருக்காது.

என் பக்கத்து வீட்டுச் சகோதரி கணவனைப் போரில் இழந்தவர். வீட்டுத்திட்டத்தில் கிடைத்த அவரது வீட்டுக்கு இன்னும் பூச்சு வேலை முடியவில்லை. ஒரு நாள் நாடகம் முடிந்ததும் அவர் சொன்னார்: "அக்கா, உந்த வீடுகளைப் பாத்திட்டு எங்கட சுவரைப் பாக்க வெக்கமாக் கிடக்கு."

அன்று நான் அவருக்குப் பதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்பதே உண்மை.

கனடாவிலிருந்து வந்த படம்

சில வருடங்களுக்கு முன் கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகள் அமெரிக்காவுக்குச் சுற்றுலா போனாள். வொஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பழைய மெத்தைக் கதிரை. அதன் துணி நிறம் மங்கிப்போயிருந்தது.

"பெரியம்மா, இது ஒரு ரீவி நாடகத்தில வந்த கதிரையாம். சனம் நிண்டு நிண்டு படம் எடுக்குது. அம்மா அடிக்கடி சொல்லுற அம்மப்பாவின்ர கதிரை ஞாபகம் வந்தது" என்று எழுதியிருந்தாள்.

எங்கள் ஐயாவிடம் ஒரு சாய்மனைக் கதிரை இருந்தது. விறாந்தையில் தூணோரமாகக் கிடக்கும். வேறு எவரும் அதில் இருப்பதில்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பை வைத்து வைத்து, ஒரு கைப்பிடியில் வட்டமாகக் கறை விழுந்திருந்தது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளியேறியபோது, அதைக் கொண்டுபோக வழியிருக்கவில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, கதிரையும் இல்லை. ஐயா அதே தூணில் சாய்ந்து வெறும் சீமெந்து நிலத்தில் இருந்தார்.

அதனால்தான் படத்தில் கண்ட அந்தக் கதிரையை என்னால் விட முடியவில்லை. அது வந்த நாடகத்தைப் பற்றித் தேடி வாசித்தேன். சில பகுதிகளை மகனின் உதவியோடு பார்த்தும் விட்டேன்.

பங்கர் குடும்பத்தின் வீடு

நாடகத்தின் பெயர் 'ஓல் இன் த ஃபமிலி'. நோர்மன் லியர் என்பவர் தயாரித்தது. 1971 ஜனவரி 12 ஆம் திகதி தொடங்கி 1979 வரை அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தொடர்ந்து 5 ஆண்டுகள் அந்நாட்டில் மிக அதிகமானோர் பார்த்த நிகழ்ச்சி அதுதான்.

கதையில் வரும் குடும்பத்தலைவர் ஆர்ச்சி பங்கர். 'பங்கர்' என்றதும் எங்கள் மனதுக்கு வருவது மண்மூட்டையும் கிடங்கும்தான். ஆனால் அது அவர்களுடைய குடும்பப் பெயர். ஆர்ச்சி நியூயோர்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வசிக்கும் தொழிலாளி. முன்கோபக்காரர். வேற்று இனத்தவர், வேற்று நிறத்தவர் என்றால் அவருக்குப் பிடிக்காது. அந்தக் குருட்டு எண்ணங்களை எல்லோரும் பார்த்துச் சிரிக்கும்படி வெளியில் கொண்டுவந்ததுதான் நாடகத்தின் சிறப்பு. மனைவி ஈடித், மகள் குளோரியா, மருமகன் மைக்கல் ஆகியோரும் அதே வீட்டில் இருப்பார்கள்.

நான்கு பெரியவர்களுக்கு அது சிறிய வீடு. முன்கதவைத் திறந்தால் உடனே இருப்பறை. அதற்குப் பின்னால் சாப்பாட்டு மேசை. ஒரு பக்கம் மாடிக்குப் படி. மறுபக்கம் தள்ளினால் ஆடும் கதவு, அதற்கு அப்பால் குசினி. நாடகத்தின் சண்டைகளும் சமாதானங்களும் பெரும்பாலும் இந்த இடத்துக்குள்ளேயே நடக்கும். மாடியில் மலசலகூடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம்கூடக் கீழே கேட்கும். அந்தக் காலத் தொலைக்காட்சிக் குடும்பங்களில் அப்படியொரு சத்தம் கேட்பது புதுமை. பார்த்தவர்கள் தங்கள் வீட்டை நினைத்துச் சிரித்தார்கள்.

கூரையில்லாத வீடு

உண்மையில் அப்படியொரு வீடு இல்லை. தொடக்கத்தில் காட்டப்படும் வெளிப்புறம் குயின்ஸில் உள்ள ஒரு வீட்டினுடையது. உட்புறமோ அங்கிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் தள்ளி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஒளிப்பதிவுக் கூடத்துக்குள் போடப்பட்ட அரங்கு. அந்த வீட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர். நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் கமராக்கள் நின்றன. அவற்றுக்குப் பின்னால் பார்வையாளர்கள் இருந்து நேரில் பார்த்துச் சிரித்தார்கள். மேலிருந்து விளக்குகள் வெளிச்சம் பாய்ச்ச வேண்டும் என்பதால் கூரையும் கிடையாது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் நினைவு வந்தது. 1996 இல் நாங்கள் கண்ட வீட்டுக்கும் கூரை இல்லை, ஒரு பக்கச் சுவர் இல்லை. ஆனால் அவர்கள் கூரையில்லாத இடத்துக்குள் ஒரு வீட்டை உண்டாக்கினார்கள். எப்படி என்று அறிய ஆவல் வந்தது.

முதலில் நிறம். லியர் நாடகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கவே விரும்பினார். தொலைக்காட்சி நிறுவனம் வர்ணத்தில்தான் வேண்டும் என்றது. எனவே சுவர், திரைச்சீலை, தளபாடம், உடுப்பு எல்லாவற்றுக்கும் மண்ணிறமும் மங்கல் நிறங்களுமே தெரிவு செய்யப்பட்டன. பழைய குடும்ப அல்பத்தைப் புரட்டுவதுபோல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம் என்று, உடைகளை வடிவமைத்த ரீற்றா றிக்ஸ் பின்னாளில் கூறியிருக்கிறார். ஓடும்போது அல்பத்தைக்கூட எடுக்க முடியாமல் போன எங்களுக்கு அந்த மங்கல் நிறத்தின் பெறுமதி விளங்கும்.

அடுத்தது பொருட்கள். ஆர்ச்சியின் கதிரையும் ஈடித்தின் கதிரையும் எந்தத் தொழிற்சாலையிலும் புதிதாகச் செய்விக்கப்பட்டவை அல்ல. கலிபோர்னியாவில் பழைய சாமான் விற்கும் கடையொன்றில் சில டொலர்களுக்கு வாங்கப்பட்டவை. முன்பின் தெரியாத யாரோ இருந்து எழும்பிய கதிரைகள். ஆர்ச்சியின் கதிரை தொலைக்காட்சியைப் பார்த்தபடி கிடக்கும். அதில் வேறு யாராவது இருந்துவிட்டால் அவர் பெரிய சத்தம் போட்டு எழுப்பிவிடுவார். ஈடித்தின் கதிரை பக்கத்தில். ஆனால் அவர் அதில் ஆறுதலாக இருப்பது குறைவு. கணவன் கூப்பிட்டதும் குசினிக்கும் இருப்பறைக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார். அந்த வீட்டில் யாருடைய சொல் நடக்கும், யாருடைய கால் நோகும் என்பதை இரண்டு கதிரைகளே சொல்லிவிடும்.

1978 இல் இரண்டு கதிரைகளும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப்பட்டன. நாடகம் மேலும் தொடர்ந்ததால் அதே மாதிரி வேறு கதிரைகள் செய்ய வேண்டி வந்தது. சில டொலர்களுக்கு வாங்கிய பழைய கதிரைகளைப் போலச் செய்ய ஆயிரக்கணக்கான டொலர் செலவானது.

ஈடித்தின் வீடு

சிரிப்பதற்கென்று போட்ட அந்த அரங்கில் சிரிக்க முடியாத இரண்டு சம்பவங்கள் என் மனதில் நிற்கின்றன.

முதலாவது, 1977 ஒக்டோபரில் ஒளிபரப்பானது. ஈடித்தின் ஐம்பதாவது பிறந்தநாள். வீட்டில் தனியாக இருக்கும்போது பொலிஸ் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து அவரைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அதே கதிரைகள், அதே சோபா, அதே படிக்கட்டு. நாம் இத்தனை நாளும் சிரித்த இடத்திலேயே அந்தப் பெண் நடுங்குகிறார். கடைசியில் அடுப்பில் கருகிய கேக்கை அவன் முகத்தில் அடித்துவிட்டுத் தப்புகிறார். சகோதரிகளே, கதவைத் தட்டுகிறவன் யார் என்று தெரியாமல் இரவைக் கழித்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர் தப்பிய பிறகும் பயம் அவரை விடவில்லை என்பதையும் நாடகம் மறைக்கவில்லை.

இரண்டாவது, 1980 நவம்பரில், அந்த நாடகத்தின் தொடர்ச்சியாக வந்த 'ஆர்ச்சி பங்கர்ஸ் பிளேஸ்' நாடகத்தில். ஈடித் பாரிசவாதத்தால் இறந்துவிடுகிறார். ஆர்ச்சி அழாமல் முரட்டுத்தனமாகவே நடமாடுகிறார். பிறகு படுக்கையறையில் மனைவியின் வீட்டுச் செருப்பு ஒன்று அவர் கையில் அகப்படுகிறது. ஒற்றைச் செருப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவர் உடைந்துபோகிறார். அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. எங்களில் எத்தனை பேர் ஒரு சாரத்தை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டை இன்னும் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறோம்?

பக்கத்து வீட்டுக்கு என் பதில்

இவ்வளவையும் அறிந்த பிறகுதான் பக்கத்து வீட்டுச் சகோதரியிடம் போனேன். "தங்கச்சி, அந்தப் பெரிய நாடக வீடுகளில ஆர் எந்தக் கதிரையில இருக்கிறது எண்டு உமக்கு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு இல்லை என்றார். ஒரு பழைய கதிரையின் கதையை அவருக்குச் சொன்னேன். ஒரு நாடே அதைத் தன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறது. அதன் விலைக்காக அல்ல, அதில் ஒரு மனிதர் இருந்த அடையாளம் தெரிவதற்காக.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். இந்த மாதம் ஒரு ஓய்வான பின்னேரத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, நீங்கள் விட்டு வந்த வீட்டைக் கொப்பியில் கீறிக் காட்டுங்கள். வடிவாகக் கீறத் தெரிய வேண்டும் என்றில்லை. படலை எங்கே, கிணறு எங்கே, யார் எந்த இடத்தில் இருந்து சாப்பிடுவார் என்று எழுதுங்கள். அந்த நாளை நினைப்பது மனதுக்குப் பாரமாக இருந்தால் வற்புறுத்த வேண்டாம், ஒரு பொருளை மட்டும் கீறினாலும் போதும். நான் தூணையும் கதிரையையும் கீறினேன். கைப்பிடியில் இருந்த வட்டக் கறையைக் கீறியது என் பேத்தி.

பக்கத்து வீட்டுச் சகோதரி ஒன்றும் கீறவில்லை. குசினிக்குள் போய் ஒரு பக்கம் நசுங்கிய அலுமினியக் கேத்திலைக் கொண்டுவந்து காட்டினார். இடம்பெயர்ந்த ஒவ்வொரு இடத்துக்கும், கடைசியாக முகாமுக்கும் அவரோடு போய் வந்தது அது. எங்கே நசுங்கியது, அன்று யார் யார் கூட இருந்தார்கள் என்று பொழுதுபடும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று நாடகம் பார்க்க இருவருக்கும் நினைவே வரவில்லை. பிறகு அதே கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.