பீற்றில்ஸ் இசைத்தட்டுகளைக் கேட்கும் முறை

மேனாட்டு றொக் இசையை வெறுங் கூச்சலென ஒதுக்குதல் எம்மிற் பலர்க்கு வழக்கமாயிருந்தது. யானும் அவ்வாறு ஒதுக்கியவனே. பீற்றில்ஸ் குழுவினரின் இசைத்தட்டுகளை அவை வெளிவந்த ஒழுங்கிலே, பிற்காலத்தில் முதன்முறையாகக் கேட்டபோதுதான், கேளாமலே கூறிய தீர்ப்பு எத்துணைப் பிழையானது என்பது புலனாயிற்று. என்னைப்போற் புதிதாய்க் கேட்கப் புகுவோர்க்கு வழிகாட்டச் சில குறிப்புகளை ஈண்டுத் தருகின்றேன்.

லிவர்பூல் நகரத்தவரான ஜோன் லெனன், போல் மக்காட்னி, ஜோர்ஜ் ஹரிசன், றிங்கோ ஸ்ரார் ஆகிய நால்வரும் 1963 முதல் 1970 வரை பிரித்தானியாவில் 12 நெடுந்தட்டுகளை வெளியிட்டனர். இவற்றை ஒழுங்கின்றிக் கேட்போர் நல்ல பாடல்கள் சிலவற்றை அறிவர். அந்நால்வரும் வளர்ந்த வகையினை அறியார்.

முதற்றட்டாகிய ‘பிளீஸ் பிளீஸ் மீ’யில் 14 பாடல்கள் உள. அவற்றுள் 10 பாடல்கள் 1963ஆம் ஆண்டு பெப்ரவரி 11ஆந் திகதி, இலண்டனில் அபி வீதி ஒலிப்பதிவு நிலையத்தில், ஒரே நாளிற் பதியப்பட்டன. மேடையிற் பாடுவது போன்றே பாடினர். தடிமனால் நலிந்த குரலோடு லெனன் இறுதியாகப் பாடிய ‘ருவிஸ்ற் அன்ட் ஷவுற்’ பாட்டில் அந்நாளின் களைப்பும் ஊக்கமும் ஒருங்கே ஒலிக்கின்றன. இத்தட்டில் ஆறு பாடல்கள் பிறர் இயற்றியவை. மறு ஆண்டு வெளிவந்த ‘ஏ ஹார்ட் டேய்ஸ் நைற்’ தட்டிலோ 13 பாடல்களும் லெனனும் மக்காட்னியும் ஆக்கியவையே.

1965இல் வெளிவந்த ‘றபர் சோல்’ தட்டில் ஹரிசன் சித்தார் வாசித்தார். 1966இல் வந்த ‘றிவோல்வர்’ தட்டின் இறுதிப் பாட்டு, ஏறக்குறைய முழுவதும் ஒரே ஆதார சுருதியின்மேல் நிற்கின்றது. தம்புராவின் நாதத்திற் பழகிய எமது செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தோடு அவர்கள் இசைப்பயணங்களை நிறுத்தினர். மேடையிற் பாடிக்காட்ட வேண்டுமென்ற கட்டுப்பாடு நீங்கவே, ஒலிப்பதிவுக்கூடமே அவர்தம் வாத்தியமாயிற்று.

அதன் பயனே 1967இல் வெளிவந்த ‘சார்ஜன்ற் பெப்பர்’. பதிவுப்பொறியில் இருந்தவை நான்கு தடங்கள் மாத்திரமே. அவை நிறைந்ததும் அனைத்தையும் கலந்து வேறொரு நாடாவிற் சுருங்கிய அளவிற் பதிந்து, மிஞ்சிய தடங்களிற் புதிய ஒலிகளைச் சேர்த்தனர். தயாரிப்பாளர் ஜோர்ஜ் மாட்டின் இதற்குப் பெருந்துணை புரிந்தார். இறுதிப் பாட்டில் 40 வாத்தியகாரர் தத்தம் கருவியின் கீழ்ச்சுரத்திலிருந்து மேற்சுரம்வரை மெல்ல ஏறுகின்றனர். முதற்றட்டின் பெரும்பகுதிக்கு ஒரு நாள். இத்தட்டுக்கோ ஏறக்குறைய ஐந்து மாதம். இடைப்பட்ட காலம் நான்கே ஆண்டுகள். இவ்வேறுபாட்டை உணர்தற்கே வரிசை வேண்டுமென்கின்றேன்.

கேட்போர் இரண்டு செய்திகளை மனத்திற் கொள்ளல் நன்று. முதலாவது, முற்காலத்து அமெரிக்கப் பதிப்புகள் பிரித்தானியப் பதிப்புகளினின்றும் வேறுபட்டவை. ‘றிவோல்வர்’ தட்டின் அமெரிக்கப் பதிப்பில் லெனனின் மூன்று பாடல்கள் விடுபட்டன. ஆதலாற் பிரித்தானிய அமைப்பையே தெரிந்துகொள்க. 1987இல் வெளிவந்த குறுந்தட்டுகளும் அவ்வமைப்பையே பின்பற்றின.

இரண்டாவது, 1970இல் இறுதியாக வெளிவந்த ‘லெற் இற் பீ’யின் பெரும்பகுதி, 1969இல் வெளிவந்த ‘அபி றோட்’டுக்கு முன்னரே பதியப்பட்டது. எனவே ‘அபி றோட்’டை ஈற்றில் வைத்துக் கேட்டல் பொருந்தும். அதன் இரண்டாம் பக்கத்திற் சிறு பாடல்கள் பல ஒன்றோடொன்று இணைந்து செல்கின்றன. முடிவை அண்டி ஸ்ரார் தனியே முழவு கொட்ட, ஏனைய மூவரும் முறைமுறையாகக் கிற்றார் வாசிக்கின்றனர். பிரியும் தறுவாயில் இருந்தோர் ஒருவர்க்கொருவர் இடம்விட்டு வாசித்தமை நெஞ்சை உருக்குவதாகும்.

இன்று கைத்தொலைபேசி எப்பாடலையும் எவ்வொழுங்கிலும் நொடியில் தருகின்றது. வசதி பெரிதே. எனினும், ஒரு நூலின் ஏடுகளைக் கலைத்துப் படிப்பார் உண்டோ? ஒரு தட்டை எடுத்து, முதற்பாட்டிலிருந்து ஈற்றுப்பாட்டுவரை, வேறு பணியின்றி அமர்ந்து கேளுங்கள். பின்னர் அதனை விரும்புவதும் வெறுப்பதும் உங்கள் உரிமை. கேட்டபின் கூறும் தீர்ப்பாக அது அமைதலே வேண்டுவது.