ஊருக்கொரு அனர்த்த உதவிச் சபை

2004 டிசம்பர் 26 சுனாமி நமது நாட்டில் 30,000க்கும் அதிகமானோரைக் காவுகொண்டது. 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கின. 2025 நவம்பரில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. ஒவ்வொரு தடவையும் நம்மவர்கள் வாரி வழங்கினார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு வீட்டுக்கு ஐந்து சோற்றுப் பார்சல் போகும்; பக்கத்துத் தெருவில் குழந்தைக்குப் பால்மா இருக்காது. நமக்குக் கொடுக்கும் மனம் இருக்கிறது. ஒழுங்குதான் இல்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் இயங்குகிறது, 117க்கு அழைக்கலாம். எனினும் பாதை துண்டிக்கப்பட்டால் முதல் நாள் ஊரார்தான் ஊருக்குத் துணை. எனவே ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் வியாபாரிகளைச் சேர்த்து நிரந்தரச் சபையொன்றை அமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, பட்டியல். நோயாளி, கர்ப்பிணி, முதியோர் உள்ள வீடுகள், படகு, லொறி வைத்திருப்போர் விபரம் முன்கூட்டியே கையிலிருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

இரண்டாவது, சரக்கு. வாங்கிக் களஞ்சியப்படுத்தினால் காலாவதியாகும். அதற்குப் பதிலாக ஒரு மொத்த வியாபாரி, உதாரணமாக 20 மூடை அரிசி எப்போதும் கடையில் இருக்கும் என்று எழுத்தில் உறுதி தரட்டும். பழையதை விற்றுப் புதியதை வைப்பார். சபை எடுக்கும்போது துண்டு எழுதிக் கொள்விலையைக் கொடுக்கும். இதில் யாருக்கும் முதல் முடங்காது. மேட்டு நிலத்திலுள்ள கடைகளையே இதற்குத் தெரிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, பணம். மூவரில் இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு வேண்டும். ஸகாத்தைப் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரை அல்குர்ஆன் வரையறுத்திருப்பதால் ஸகாத்தையும் ஸதகாவையும் கலக்கக் கூடாது. ஸதகாவிலிருந்து சிங்கள, தமிழ் அயலவருக்கும் தாராளமாக உதவலாம். வரவு செலவைப் பள்ளி அறிவித்தல் பலகையில் ஒட்டிவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை.

நான்காவது, வெள்ளம் வடிந்த பின்னர் வரும் வேலை. கிணறு இறைத்துக் குளோரின் இட வேண்டும். சரக்கிழந்த சிறு கடைக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டும். அவர் கடை திறந்தால்தான் நமக்குத் தர வேண்டிய பாக்கியும் திரும்பி வரும்.

அடுத்த மழைக்கு முன், ஒரு ஜும்ஆவுக்குப் பின்னர் பத்துப்பேர் உட்கார்ந்து பேசினால் போதும். இன்ஷா அல்லாஹ், வேலை தொடங்கிவிடும்.